ஆடும் பிள்ளையை அளப்பது எப்படி?



உதைபந்தாட்டத்தில் நாம் போட்ட கோல்களின் கணக்கு நமக்குத் தெரியும். ஆடிய பிள்ளை எவ்வளவு வளர்ந்தான் என்பதை எதனால் அளப்பது?

கனடாவின் குவீன்ஸ் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜோன் கோத்தேயும் உடனாய்வாளரும் 2012ஆம் ஆண்டில், இளம் விளையாட்டு வீரருக்கென ஒரு வினாக்கொத்தைச் சீர்செய்து வெளியிட்டனர். பழகும் பண்பு, சிந்தனைத் திறன், குறிக்கோள் வகுத்தல், தாமாக முயலுதல் என்னும் நான்கோடு அது நிற்கவில்லை. ஐந்தாவதாக, விளையாட்டில் நேர்ந்த கசப்புகளையும் கேட்கிறது. விடை சொல்பவர் பயிற்றுநர் அல்லர், ஆடும் பிள்ளையே. நமக்கு இந்த ஐந்தாவதே பெரிதாகப் படுகிறது.

நம் ஆண்டறிக்கையில் கேடயங்களின் கணக்கு வரும். எல்லைக்கோட்டருகே காத்திருந்த மேலதிக ஆட்டக்காரனின் கணக்கு வருவதில்லை. சென்ற பருவத்தில் அப்படி ஒரு தம்பி சொல்லாமலே நின்றுவிட்டான். ஏனென்று நாம் கேட்டோமில்லை. வினாத்தாளைப் பருவ முடிவில் மட்டும் கொடுத்தால், எஞ்சியவர்களின் மகிழ்ச்சியே விடையாக வரும். இடையில் போனவன் எந்தக் கூட்டலிலும் சேரான். ஆகவே பருவத்தின் நடுவிலும் கேட்போம். பெயர் எழுதாத தாளில், பயிற்றுநர் அருகில் இல்லாத வேளையில் கேட்போம். அதற்கு முன், இந்தக் கிழமையே நம்மில் இருவர் அந்தத் தம்பி வீட்டுப் படலையைத் தட்டுவோம்.