சுட்டின் இனமாற்றம்: பைட்டுகள் மாறுவதில்லை
(கணினி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



"இனமாற்றம் செய்தால் தரவு புதிய இனத்துக்கு மாறிவிடும்" என்று பதினொன்றாம் வகுப்பு சி++ பாடத்தில் பல ஆண்டுகள் எழுதிப்போட்டவன் நான். சென்ற ஆண்டு ஒரு மாணவி, "1234" என்ற நான்கு எழுத்துகளின் முகவரியை முழு எண் சுட்டாக மாற்றி அச்சிட்டாள். திரையில் 875770417 வந்தது. "1234தானே சார் வரணும்?" என்றாள். "நாளைக்குச் சொல்றேன்மா" என்று சமாளித்தேன்.

விடை, கல்லூரியில் நான் படித்த கோபோலில் இருந்தது. (பெயரைச் சொன்னதும், "யார் சார் அந்த கோபால்?" என்று வகுப்பே சிரித்தது.) அதில் இரண்டு வேலைக்கும் வேறு வேறு கட்டளை. 'மூவ்' என்றால் எழுத்தாக இருக்கும் "1234" எண்ணாக மாற்றப்பட்டு, 1234 ஆகவே போய்ச் சேரும். 'செட் அட்ரஸ் ஆஃப்' என்று எழுதி, பாயிண்டர் காட்டும் இடத்தின்மேல் ஓர் எண் புலத்தைப் பொருத்தினால் எதுவும் மாறாது. ஆஸ்கி முறையில் 49, 50, 51, 52 என்று இருக்கும் நான்கு பைட்டுகளும் அப்படியே இருக்கும். அவற்றை ஒரே எண்ணாகப் படிக்கிறோம், அவ்வளவுதான்.

அன்றிரவு, இலவசமாகக் கிடைக்கும் ஜிஎன்யூ கோபோலில் ஓட்டிப் பார்த்தேன். வந்தது 825373492. மாணவிக்கு வந்த எண் இதுவல்லவே! யோசித்தபோது பிடிபட்டது: எங்கள் ஆய்வகக் கணினி கடைசி பைட்டை உயர்ந்த இடமதிப்பாக எடுக்கிறது, கோபோலின் 'காம்ப்' புலம் முதல் பைட்டை எடுக்கிறது. 256இன் அடுக்குகளை வைத்துக் கரும்பலகையிலேயே இரண்டையும் சரிபார்க்கலாம்.

வெறும் பாயிண்டரில் ஆபத்தும் இதுதான். மாணவர் பதிவு இருக்கும் இடத்தில் சம்பளப் பதிவைப் பொருத்தினாலும் கம்பைலர் வாய் திறக்காது. 2002ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் இனம் குறித்த பாயிண்டர் வந்தது. 'பாயிண்டர் டு' என்று எழுதி இனத்தின் பெயரைக் கொடுத்துவிட்டால், வேறு இனத்தின் முகவரியை அதில் வைக்க முடியாது. எல்லா கம்பைலரிலும் இந்த வசதி இல்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள், நான் கொடுத்த வரியை அடிக்கச் சொன்னேன். 3.7ஐ முழு எண்ணாக மாற்றினால் 3. அங்கே மதிப்பே மாறுகிறது. சுட்டை மாற்றினால் படிக்கும் விதம் மட்டும் மாறுகிறது. இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொண்டார்கள். அதற்கு முன் படித்துப் போன பிள்ளைகளின் நோட்டில் பழைய வரி அப்படியேதான் இருக்கும்.