அவளுக்குக் குளிசை, எனக்கு ஏன் ஊசி?

(முன்னேஸ்வரத் திருவிழாவுக்கு வந்த தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு, சிலாபத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



சாமி கும்பிட வந்த இடத்தில் நோயைப் பற்றிய பேச்சா என்று முகம் சுளிக்க வேண்டாம். பல தோட்டத்து ஆட்களும் ஒன்றாய்க் கூடும் சமயம் அடிக்கடி வராது. நம் நாட்டுப் பெண்களுக்கு ஆகக் கூடுதலாக வரும் புற்றுநோய் மார்புப் புற்றுநோய்தான்.

"ஐயா, அந்த அக்காவுக்கும் மார்பில் கட்டி, எனக்கும் கட்டி. அவவுக்கு வெறும் குளிசை, எனக்கு மட்டும் ஏன் ஊசி?" என்று லயத்தில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நம் உடம்பில் ஒரு கலம் இரண்டாகப் பெருக உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவைக் கொண்டு வருவது ஒரு வகைப் புரதம். அதை வாங்குவதற்குக் கலத்தின் மேல் 'ஏற்பி' என்று இன்னொரு புரதம் இருக்கிறது. அந்தக் காலத்தில் தப்புச் சத்தம் கேட்டால் பெரட்டுக்குக் கிளம்புவார்களே, அது போலத்தான். முதல் புரதம் தப்புச் சத்தம். ஏற்பி அதைக் கேட்கும் காது. வளர்ச்சிப் புரதங்களைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி மொண்டால்சினி இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

மார்புப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, 'ஹேர்-2' என்ற காது கலத்தில் அளவுக்கு மிஞ்சி முளைத்திருக்கும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து, தப்பு அடிக்காமலே உத்தரவு கொடுக்கும். கலம் ஓயாமல் பெருகும். டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து அந்தக் காதில் போய் ஒட்டி அதை அடைக்கிறது. அமெரிக்காவில் 1998இல் அதற்கு அனுமதி கிடைத்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இன்னும் கூடுதலான பேருக்கு, ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஓமோனைக் கேட்கும் காது கலத்துக்குள்ளே இருக்கும். அதை அடைக்கத்தான் தமொக்சிபென் போன்ற குளிசை. பொதுவாக 5 வருடமாவது தினமும் குடிக்க வேண்டும். சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. சிலருக்கு இந்த இரண்டு காதுமே இருக்காது. அவர்களுக்கு வைத்தியம் வேறு.

ஆகவே பக்கத்து வீட்டுக் குளிசையை வாங்கிக் குடிக்காதீர்கள். எந்தக் காது என்று சொல்வது, கட்டியிலிருந்து எடுக்கும் சிறு சதைத் துண்டின் பரிசோதனைதான். ஊசி குத்தினால் நோய் பரவும் என்று பயந்து வீட்டுக்கு ஓடி வந்துவிட வேண்டாம். அந்தப் பரிசோதனை இல்லாமல் சரியான மருந்தைத் தெரிந்தெடுக்க முடியாது.

35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் மார்பைச் சோதித்துக் கொள்ளுங்கள். அதற்குக் காசு இல்லை. கட்டி தட்டுப்பட்டால் எந்த வயதானாலும், நோவு இல்லாவிட்டாலும், மருத்துவமாதுவிடம் உடனே சொல்லுங்கள். மகரகம ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் தட்டாமல் போங்கள்.

ஐயாமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அன்றைய பேரைப் பார்க்காமல், வீட்டுப் பெண்ணோடு நீங்களும் கூடப் போங்கள்.