மீன்தொட்டிக்கு நீர் மாற்றும்போது



கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பது இன்று நம் நாட்டின் பல இல்லங்களிலும் பாடசாலைகளிலும் காணப்படும் நல்லதொரு பொழுதுபோக்காகும். அத்தொட்டி நீரில் காற்பங்கை வாரந்தோறும் மாற்றிவிட வேண்டுமென்பதும் பலர் அறிந்ததே. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் தொட்டிக்குள் இருக்கும் இரண்டு மின்கருவிகளை என்ன செய்வதென்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. வீடுகளில் ஹீற்றர், பில்ற்றர் என வழங்கும் வெப்பமாக்கியையும் வடிகட்டியையுமே குறிப்பிடுகின்றேன்.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள நேயர்கள், எங்களுக்கு வெப்பமாக்கி எதற்கு என்று வினவலாம். நியாயமான வினாவே. அங்கு தொட்டி நீர் இயல்பாகவே மீனுக்கு வேண்டிய வெப்பத்துடன் இருக்கும். நான் பேசுவது, நுவரெலியா போன்ற மலைநாட்டு ஊர்களை மனத்திற் கொண்டு. அங்கு சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவினதே. கப்பி, ஏஞ்சல், சண்டை மீன் முதலியனவோ 25 பாகையளவில் செழித்து வாழ்வன. தங்கமீனுக்கு மாத்திரம் இக்குளிர் ஒரு பொருட்டன்று. வடிகட்டி பற்றிய செய்தி எல்லா ஊராருக்கும் பொதுவானது.

வெப்பமாக்கி பெரும்பாலும் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளேயிருக்கும் கம்பிச் சுருளின் சூட்டைச் சுற்றியுள்ள நீர் உடனுக்குடன் ஏற்றுக்கொள்வதனாலேயே அக்கண்ணாடி தாங்கி நிற்கிறது. நீரை இறைக்கும்போது குழாய் வெளியே தெரியத் தொடங்கினால், சூடு போக வழியின்றிக் கண்ணாடி கொதித்துவிடும். அதன்மேல் புதிய குளிர்நீர் பட்டதும் வெடிப்பு உண்டாகும். வெடித்த குழாயினூடாக 230 வோல்ற்று மின்சாரம் நீருக்குள் இறங்கலாம். அந்நீரில் அப்போது இருப்பது எவருடைய கை? பாடசாலைகளிலே அது பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கை.

கருவியின் சிறு விளக்கு அணைந்திருக்கின்றதே, ஆகவே ஆபத்தில்லை என்று சிலர் கருதுவர். விளக்கு அணைந்திருப்பதன் பொருள், நீர் போதிய சூட்டுடன் இருக்கின்றது என்பது மட்டுமே. குளிர்நீர் சேர்ந்த மறுகணம் கருவி தானாகவே இயங்கத் தொடங்கும். ஆளியை நிறுத்துவதும் முற்றாகப் போதாது; வேறொருவர் அறியாமல் அதனைப் போட்டுவிடக்கூடும். செருகியையே கழற்றிவிட வேண்டும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை நாம் மறந்திருக்க மாட்டோம். "கரண்ட் இல்லைத்தானே" என்று செருகியை அப்படியே விட்டு நீரை இறைப்பவர், மின்சாரம் எந்த நிமிடத்தில் திரும்பி வரும் என்பதை அறியார். எமது பாடசாலையில் ஆசிரியர் ஒருவர் செருகியைக் கழற்றித் தொட்டியின் மூடிமேல் வைப்பார். அது கண்ணுக்குத் தெரிந்தாலன்றி எந்த மாணவரும் நீரில் கை வைப்பதில்லை. கழற்றிய பின்னும் சுருளில் சூடு எஞ்சியிருக்குமாதலால், கால்மணி நேரம் பொறுத்தே நீரை இறைத்தல் வேண்டும்.

இனி வடிகட்டி. அதன் மோட்டாரைக் குளிர்விப்பதும் நீரே. நீரின்றிச் சுழன்றால் சூடேறித் தேய்ந்துவிடும். ஆகவே இதன் செருகியும் கழற்றப்பட வேண்டியதே. ஆயினும் வடிகட்டியில் நாம் காக்க வேண்டியது மோட்டாரை மாத்திரமன்று. அதன் பஞ்சிலே படிந்திருக்கும் கபில நிற வழுவழுப்பைக் கண்டதும், அழுக்கென்று கருதிக் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரமிட்டுக் கழுவுவோர் பலர். பார்வைக்கு அது தூய்மை, மீனுக்கோ பெருங்கேடு. மீனின் கழிவிலிருந்து எழும் அமோனியா கொடிய நஞ்சு. அதனை நைத்திரைற்றாகவும், அதையும் பின்னர் அவ்வளவு தீங்கற்ற நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் அவ்வழுவழுப்பிலேயே குடியிருக்கின்றன. இத்தகைய நுண்ணுயிர்களை ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் மண்ணிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார். குழாய்நீரின் குளோரீன் அவற்றைக் கொல்லும். வெயிலில் உலர்த்தினாலும் அவை மடியும். தொட்டியிலிருந்து இறைத்த பழைய நீரையே ஒரு வாளியில் வைத்து, அதில் பஞ்சை இரண்டொரு முறை மெல்லப் பிழிந்தெடுத்தால் போதுமானது.

புதிய நீரைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 100 லீற்றர்த் தொட்டியில் 25 லீற்றரை நீக்கி, 15 பாகைக் குழாய்நீரை ஊற்றினால், தொட்டியின் வெப்பம் 25 பாகையிலிருந்து இரண்டரைப் பாகை வீழ்ந்துவிடும். 100 வாற்று வெப்பமாக்கி அதனை ஈடுசெய்ய ஏறத்தாழ மூன்று மணி நேரமாகும். குளோரீன் அகலுமாறு முதல்நாளே திறந்து வைத்த 22 லீற்றர் நீருடன், ஏறக்குறைய மூன்று லீற்றர் கொதிநீரை வாளியிலேயே கலந்து, வெப்பமானியால் அளந்து ஊற்றினால் இச்சங்கடம் இல்லை. கொதிநீரை நேரே தொட்டிக்குள் விடலாகாது.

நீர் பழைய மட்டத்துக்கு வந்ததும், ஈரமற்ற கையால் முதலில் வடிகட்டியின் செருகியைப் பொருத்துக. நீர் சீராகப் பாய்கின்றதா, உள்ளே காற்று அடைத்து இரைகின்றதா என்று கவனித்துக்கொள்க. வெப்பமாக்கி புதுநீரின் சூட்டோடு ஒத்துப்போகக் கால்மணி நேரம் கொடுத்து, அதன் பின்னரே அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். இரண்டு கம்பிகளும் சுவரிலுள்ள செருகுமிடத்திற்குக் கீழே சற்றுத் தொங்கி வளைந்து மேலேறுமாறு விடுக. கம்பி வழியே வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிப்போகும்.