கையெழுத்துப் போடாத கை

மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் லோடுமேன் தோழர்களே, சித்தாள் வேலை பார்த்த களைப்போடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

மே தின மேடையில் தலைவர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் இன்றைக்கு ஒரு சண்டைக்காரனைப் பற்றிப் பேசப் போகிறேன். கூண்டுக்குள்ளே இறங்கிக் குத்தி, உதைத்து, கழுத்தை நெரித்துச் சண்டை போடுகிறார்களே, எம்.எம்.ஏ., அந்த வீரன். பேர் பிரான்சிஸ் நகானு. அதோ, தம்பி செல்போனை எடுத்துவிட்டான். தேடு, தேடு! ஆளைப் பார்த்ததும் போனைக் கீழே போட்டுவிடாதே!

ஆப்பிரிக்காவில் கேமரூன் நாடு. பத்தியே என்று ஒரு சின்ன ஊர். 1986-இல் அங்கே பிறந்தவன். பத்துப் பன்னிரண்டு வயதில், உங்கள் வீட்டுப் பிள்ளை ஆறாவது ஏழாவது படிக்கிற வயதில், அவன் என்ன செய்தான் தெரியுமா? மணல் அள்ளினான்! குவாரியில் இறங்கி மண்வெட்டி பிடித்தான், லாரியில் ஏற்றினான். (கைதட்டல்) இருங்கள், இருங்கள். அந்த வேலை என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? உங்கள் தோள்பட்டையைக் கேட்டால் அதுவே சொல்லும்.

அவனுக்கு ஒரே ஆசை, குத்துச்சண்டை வீரனாக வேண்டும். ஊரே சிரித்தது. 2012-இல் கிளம்பிவிட்டான். நைஜீரியா, நைஜர், சகாரா பாலைவனம், அல்ஜீரியா, மொராக்கோ. அங்கிருந்து கடல். கப்பல் என்று நினைக்காதீர்கள், காற்றடித்த ரப்பர் படகு. ஆறு தடவை தோற்றுத் திரும்பினான், பிடித்துக்கொண்டுபோய்ப் பாலைவனத்தில் விட்டார்கள். ஏழாவது தடவை ஸ்பெயின் கரையைத் தொட்டான். மாலையா போட்டார்கள்? உள்ளே தூக்கிப் போட்டார்கள், இரண்டு மாதம். வெளியே வந்து பாரிஸ் போனான். 2013. கையில் காசில்லை, தெரிந்த முகம் ஒன்றில்லை. கார் நிறுத்துகிற கட்டடத்தில் படுத்துத் தூங்கினான். ஒரு பயிற்சிக்கூடத்தில் போய், குத்துச்சண்டை கற்றுக்கொடுங்கள் என்றான். உடம்பைப் பார்த்தவர்கள், நீ எம்.எம்.ஏ.-வுக்கு வா, அதில் சம்பாதிக்கலாம் என்றார்கள். காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார்கள்.

2015 முடிவதற்குள் யு.எஃப்.சி.-க்குப் போய்விட்டான். அதுதான் அந்த விளையாட்டிலேயே பெரிய கம்பெனி. அங்கே முதல் ஆறு சண்டை, ஆறும் வெற்றி. ஒருத்தரும் நடுவர் மார்க் போடுகிற வரைக்கும் நிற்கவில்லை! மெஷின் வைத்து அவன் குத்தை அளந்தார்கள், 1,29,000 சொச்சம் என்றது. கிலோவா டன்னா என்று என்னைக் கேட்காதீர்கள், அது மெஷின்காரன் கணக்கு. 2018-இல் ஸ்டிபே மியோசிச்சிடம் தோற்றான். அந்த மியோசிச் யார்? சாம்பியனாக இருந்துகொண்டே தீயணைப்பு வீரராக வேலை பார்த்தவர். அவரும் உழைப்பாளி, அவர்மேல் நமக்குக் கோபமில்லை. 2021 மார்ச்சில் அதே மியோசிச்சை இரண்டாவது சுற்றில் சாய்த்துவிட்டு மணல் அள்ளிய பையன் உலக சாம்பியன் ஆனான்! (பலத்த கைதட்டல்)

இதோடு நிறுத்தினால் சினிமாக் கதை. நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

நம் சங்கத்தில் ஒருவர் இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் எழுந்து போய்விடுவார். அந்த வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறார், யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்! அந்தக் காலத்தில் காண்ட்ராக்டர் வெற்றுத்தாளை நீட்டி, ரேகை வை என்றான். எல்லாரும் வைத்தார்கள். இவர் மட்டும் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டார். "என்ன எழுதியிருக்கு, படிச்சுக் காட்டுங்க சாமி" என்றார். ஒன்றும் எழுதாத தாளில் எதைப் படிப்பான்? வேலை போயிற்று. வீட்டில் அடுப்பு எரியாத நாளும் உண்டு. விரல் மட்டும் மடங்கியது மடங்கியதுதான்!

போன வாரம் இதே திடலில் இன்னொரு கூட்டம் போட்டார்கள். அவர்களும் சங்கம்தானாம். நிர்வாகத்தோடு நல்லுறவு வேண்டும் என்று முழங்கினார்கள். நல்லுறவு! கூலிப் பேச்சுவார்த்தைக்கு நடந்து போனவர் திரும்பும்போது புல்லட்டில் வந்தாரே, அந்த நல்லுறவா? (சிரிப்பு) உங்களுக்குக் கூலி எவ்வளவு ஏறியது? பத்து ரூபாய். அவருக்கு வயிறு ஏறியது! கொடியில் என்ன நிறம் என்று அவர்களுக்கே காலையில் பார்த்தால்தான் தெரியும்... சரி, விடுகிறேன். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். நேரமாகிவிட்டதாம். பேர் சொல்லாமல் திட்டினாலே நேரமாகிவிடுகிறது, என்ன செய்ய!

விஷயத்துக்கு வருகிறேன். அந்த யு.எஃப்.சி. கம்பெனியை 2001-இல் 20 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 2016-இல் விற்றார்கள், கிட்டத்தட்ட 400 கோடி டாலர்! இருபது லட்சம் எங்கே, நானூறு கோடி எங்கே? யார் மூக்கு உடைந்து வந்த காசு? கூடைப்பந்து ஆடுகிறவனுக்கு அமெரிக்காவில் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி போகிறது. கூண்டில் ரத்தம் சிந்துகிறவனுக்கு ரூபாய்க்கு இருபது பைசா கூட இல்லை. ஏன்? அவன் தொழிலாளியே இல்லையாம்! சுயேச்சையான ஒப்பந்தக்காரனாம்! இந்தப் பாட்டை நாம் இங்கே கேட்டதில்லையா? வீரர்களே 2014-இல் வழக்குப் போட்டார்கள். பத்து வருஷம் இழுத்து, 37.5 கோடி டாலருக்குச் சமரசம் பேச வைத்தார்கள்.

2022 ஜனவரியில் முழங்கால் ஜவ்வு கிழிந்த காலோடு கூண்டில் இறங்கி, சிரில் கான் என்பவரை ஐந்து சுற்றும் நின்று ஜெயித்துப் பட்டத்தைக் காப்பாற்றினான் நகானு. அன்றைக்கு அவனுக்குக் கணக்கில் காட்டிய கூலி 6 லட்சம் டாலர். பெரிய தொகைதான், நமக்கு. கல்லாவில் விழுந்ததைப் பார்த்தால் சில்லறை. அப்புறம் புது ஒப்பந்தத்தை நீட்டினார்கள். காசு கூடத் தருகிறோம் என்றார்கள். அவன் என்ன கேட்டான்? வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடு கொடு என்றான். கூட்டத்தில் எங்கள் சார்பில் பேச ஓர் ஆளை உட்கார வை என்றான். எனக்கு என்றா கேட்டான்? எங்களுக்கு என்று கேட்டான்! முடியாது என்றார்கள். பேனாவை எடுக்கவே இல்லை. 2023 ஜனவரியில் பெல்ட்டை விட்டுவிட்டு சாம்பியனாகவே வெளியே நடந்தான். (நீண்ட கைதட்டல்)

இவன் ஒழிந்தான் என்றார்கள். அதே வருஷம் அக்டோபரில் ரியாத்தில் டைசன் ஃபியூரியோடு குத்துச்சண்டை. வாழ்க்கையில் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டை, எதிரே உலக சாம்பியன். மூன்றாவது சுற்றில் ஃபியூரியைத் தரையில் உட்கார வைத்தான்! நடுவர்கள் இருவர் ஃபியூரிக்குக் கொடுத்தார்கள், ஒருவர் இவனுக்குக் கொடுத்தார். அடுத்து ஆந்தனி ஜோஷுவா இரண்டே சுற்றில் இவனைப் படுக்க வைத்தார், அதையும் மறைக்க மாட்டேன். அடுத்த மாதமே பதினைந்து மாதக் கைக்குழந்தையைப் பறிகொடுத்தான். 2024 அக்டோபரில் கூண்டுக்குத் திரும்ப வந்து முதல் சுற்றிலேயே ஜெயித்தான்.

யு.எஃப்.சி.-யை விட்டபின் புதுக் கம்பெனியில் சேரும்போது அவன் போட்ட நிபந்தனை ஒன்றைக் கேளுங்கள். என் எதிரில் நிற்கிறவனுக்குக் குறைந்தது 20 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்றான். தன்னை அடிக்க வருகிறவனுக்கு! தோழர்களே, இதற்குப் பேர்தான் தொழிற்சங்கம். புல்லட்காரருக்கு யாராவது போய்ச் சொல்லுங்கள்.

முடிக்கிறேன். மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதியாதவர்கள் பேர் கொடுங்கள், அட்டை காலாவதியானவர்கள் புதுப்பிக்கக் கொடுங்கள். ஆதார் நகல் கொண்டுவராதவர்கள் நாளைக் காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தத் தாளை யார் நீட்டினாலும், படித்துக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.