செவியும் வால்வும்



இசையை விரும்பாதவர் இல்லை. ஆயினும், இக்காலத்தில் நாம் கேட்கும் இசையிற் பெரும்பகுதி, பாடுவோரின் மிடற்றிலிருந்து நேரே நம் செவிக்கு வருவதன்று. அது மின்னோட்டமாக மாறிப் பல கருவிகளைக் கடந்து, மீண்டும் ஒலியாகி நம்மை வந்தடைகிறது. நலிந்த மின்னலையை வலுவுள்ளதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவியைப் பெருக்கி என்கிறோம். ஆம்ப்ளிஃபயர் என்று கடைகளிற் கேட்டு வாங்குவது இதனைத்தான். இசையின் உருவம் சிதையாமற் காப்பது இதன் பொறுப்பு. நெடுங்காலம் இதற்கு உயிராக விளங்கியது வெற்றிடக் குழல். நம் நாட்டில் அதை 'வால்வு' என்றே யாவரும் வழங்குகிறோம்.

பிற்காலத்தில் டிரான்சிஸ்டர் வந்து வால்வின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. எனினும் இசையன்பர் சிலர் இன்றும் வால்வுப் பெருக்கிகளை விரும்பி வாங்குகின்றனர், தாமே கட்டுகின்றனர், ஒரு வால்வைக் கழற்றி வேறொன்றைச் செருகி, ஒலி சிறக்கிறதா என்று ஆராய்கின்றனர். அந்தத் தேர்வை எவ்வாறு செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது சிலருடைய பொழுதுபோக்குத்தானே என்று தள்ளிவிட வேண்டா. ஒரு பொருளின் பெயரும் விலையும் நம் அறிவை எவ்வளவு எளிதில் மயக்கிவிடும் என்பதையும், அம்மயக்கத்திலிருந்து தப்பும் வழி யாது என்பதையும் இதன் வாயிலாகக் கற்கலாம்.

முதலில் வால்வு செய்யும் தொழிலைத் தெரிந்துகொள்வோம். 1904-ஆம் ஆண்டில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் என்னும் ஆங்கிலேய அறிஞர், காற்றை நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு மின்வாய்களை அமைத்து, மின்னோட்டத்தை ஒரே திசையிற் செலுத்தும் கருவியை உருவாக்கினார். 1906-இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவது மின்வாய் ஒன்றைச் சேர்த்தார். சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு நேர்மின்வாயை நோக்கி விரைகின்றன. அவற்றின் வழியில் நிற்கும் கம்பிவலையே அந்த மூன்றாவது மின்வாய். இதனைக் கிரிட் என்பர். வாய்க்காலின் மதகைச் சற்றே ஏற்றி இறக்கினால் பாயும் நீர் முழுவதும் கூடிக் குறைகிறதல்லவா? அதுபோலவே கிரிட்டில் உண்டாகும் சிறிய மின்னழுத்த மாறுதல், நேர்மின்வாயிற் பெரிய மாறுதலாக வெளிப்படுகிறது. பெருக்கம் என்பது இதுவே.

ஒரு பெருக்கியில் வால்வுகள் மூவகைப் பணிகளைச் செய்கின்றன. முதற்படியில் இருப்பவை மிகச் சிறிய மின்னலையை வாங்கி வளர்க்கின்றன. இறுதிப்படியில் இருப்பவை ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றலைத் தருகின்றன. மூன்றாம் வகையான அலைதிருத்தி, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி மற்ற வால்வுகளுக்கு ஊட்டுகிறது. எந்த வால்வு எப்பணிக்கு உரியது என்பதை அதன் பெயரே கூறிவிடும். ஐரோப்பிய முறையில் 'ஈ' என்ற முதலெழுத்து, சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும் என்பதைக் குறிக்கும். 'சி' என்பது மூன்று மின்வாய்களை உடைய வால்வு. 'சிசி' என்றால் அத்தகையவை இரண்டு ஒரே குமிழுக்குள் உள்ளன என்பது பொருள். 'எல்' என்பது இறுதிப்படிக்குரிய ஐந்து மின்வாய் வால்வு. எண்ணின் முதல் இலக்கம் 8 ஆயின் ஒன்பது ஊசிகள் கொண்ட சிறிய அடிப்பாகம். 3 ஆயின் எட்டு ஊசிகள் கொண்ட பெரிய அடிப்பாகம். ஈசிசி 83, ஈஎல் 84, ஈஎல் 34 என்ற பெயர்களை இனிக் கண்டால், அவை மந்திர எழுத்துகளாகத் தோன்றா.

இனித் தேர்வின் முதல் விதிக்கு வருவோம். வால்வு, தான் பொருந்தும் சுற்றுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஈசிசி 83, ஈசிசி 81, ஈசிசி 82 ஆகிய மூன்றும் ஒரே உருவம் உடையவை. ஒரே தாங்கியிற் பொருந்துபவை. ஆயினும் முதலாவதன் பெருக்கக் காரணி 100, இரண்டாவதற்கு 60, மூன்றாவதற்கு 17 முதல் 20 வரை. ஈசிசி 83-க்கென்று அமைத்த இடத்தில் ஈசிசி 82-ஐச் செருகினால் ஒலியளவு குறையும். அங்குள்ள மின்தடைகளும் அதற்குப் பொருந்தா. 'ஒலி சாந்தமாகிவிட்டது' என்று சிலர் இதைப் பாராட்டுவதுண்டு. உண்மையில் சாந்தமாயிற்று என்பதைவிடக் குறைந்துபோயிற்று என்பதே பொருந்தும். ஈசிசி 88 என்ற மற்றொரு வால்வும் அதே ஒன்பது ஊசிகளைக் கொண்டது. ஆனால் அதன் இழைக்குச் செல்லும் இணைப்பு முறையே வேறு. எனவே ஈசிசி 83-க்குரிய தாங்கியில் அது சரியாக இயங்காது. இறுதிப்படியிலும் இதே எச்சரிக்கை தேவை. ஈஎல் 34-இன் இழைக்கு 1.5 ஆம்பியர் வேண்டும். 6எல்6 வகைக்கு 0.9 ஆம்பியர் போதும். பின்னதற்காகச் செய்த மின்மாற்றியின் மேல் முன்னதை ஏற்றினால் அது தாங்குமா என்று பார்க்க வேண்டாவா? ஊசி பொருந்துகிறது என்பதற்காக வால்வும் பொருந்தும் என்று எண்ணலாகாது.

இரண்டாம் விதி, வால்வின் நலத்தைச் சோதித்தறிவது. முதற்படி வால்வில் இரைச்சல் குறைவாக இருத்தல் வேண்டும்; ஏனெனில் அங்கே தோன்றும் சிறு இரைச்சலும் பின்வரும் படிகளிலெல்லாம் வளர்ந்துகொண்டே போகும். பென்சிலின் முனையால் வால்வை மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணியடித்தாற்போல் ஓசை கேட்குமாயின், அதன் உள்ளுறுப்புகள் அதிர்கின்றன என்று பொருள். அத்தகைய வால்வு முதற்படிக்கு ஆகாது. இறுதிப்படியில் இரண்டு வால்வுகள் எதிரெதிராக இயங்குமிடத்தில், இரண்டும் வாங்கும் மின்னோட்டம் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று மிகுந்தும் ஒன்று குறைந்தும் இருப்பின், வெளியீட்டு மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் ஒருபுறமாகக் காந்தமேறித் தாழ்ந்த சுரங்கள் நலியும். ஆதலின் இவ்விடத்தில் இணையாகப் பொறுக்கிய வால்வுகளுக்குச் சற்று மிகுதியாகப் பணம் கொடுப்பது வீணன்று.

குமிழின் உட்புறத்தில் வெள்ளிபோல் பளபளக்கும் பூச்சு ஒன்றைக் காணலாம். அது எஞ்சிய காற்றை ஈர்த்துக்கொள்ளும் பேரியம் என்ற உலோகம். அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று உட்புகுந்துவிட்டது. அந்த வால்வால் பயனில்லை. கண்ணாடியின் உட்பரப்பிற் படரும் நீல ஒளியைக் கண்டு அஞ்ச வேண்டா. ஆனால் நேர்மின்வாய்த் தகடு செந்நிறமாகக் கனலுமாயின் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாம் விதி, குறை எங்கே இருக்கிறது என்று அறிந்த பின்னரே மருந்து தேடுவது. என் பழைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் காண வந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

"ஐயா, பழைய ஆங்கிலேய வால்வு ஒரு ஜோடி விலைக்கு வந்திருக்கிறது. சம்பளத்தில் பாதி போய்விடும். வாங்கிவிடலாமா?" என்றார்.

"உன் பெருக்கியில் இப்போது என்ன குறை, தம்பி?"

"உம்மென்று ஓர் ஓசை ஓயாமற் கேட்கிறது, ஐயா."

"ஒலியளவுத் திருகைக் குறைத்தால் அதுவும் குறைகிறதா?"

"இல்லை, அப்படியேதான் இருக்கிறது."

அப்படியானால் குறை அத்திருகுக்குப் பின்னால் இருத்தல் வேண்டும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அதிர்வது. அலைதிருத்தி அதன் இரு பாதிகளையும் பயன்படுத்துவதால், அங்கே மிச்சமாகும் அலை 100 முறை அதிரும். 50-க்கும் 100-க்கும் உள்ள உறவு, ஆதார ஷட்ஜமத்துக்கும் மேல் ஷட்ஜமத்துக்கும் உள்ள உறவேயாம். பழகிய செவி பிரித்தறிந்துவிடும். கேட்டது 100. வற்றிப்போன மின்தேக்கியே காரணமாக இருக்கலாம் என்று கூறி, ஊரில் அனுபவமுள்ள ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் 'கண்டென்சர்' என்று அழைக்கும் அப்பொருளைச் சிறு செலவில் மாற்றினார். முரலும் ஓசை நின்றது. பழைய வால்வுகளே இன்றும் அந்தப் பெருக்கியிற் பாடிக்கொண்டிருக்கின்றன.

இனி, நல்ல வால்வுகளுக்குள்ளேயே ஒன்றை மாற்றி ஒன்றை இட்டால் வேற்றுமை தெரியுமா என்ற வினா எழும். அது பெருக்கியின் அமைப்பைப் பொறுத்தது. 1947-ஆம் ஆண்டில் டி. டி. என். வில்லியம்சன் என்பவர் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்ற ஆங்கில இதழில் ஒரு பெருக்கியின் அமைப்பை வெளியிட்டார். கேடி 66 என்ற வால்வுகள் இரண்டை இறுதிப்படியிற் கொண்ட அது, 15 வாட் ஆற்றலைத் தரும்போதும் திரிபு ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படவில்லை. வால்வின் சிறப்பு மட்டும் அதற்குக் காரணமன்று. மிகக் கவனமாகச் சுற்றப்பட்ட வெளியீட்டு மின்மாற்றியும், 1927-இல் ஹெரால்டு பிளாக் கண்ட எதிர்ப் பின்னூட்ட முறையும் பெருங்காரணங்கள். வெளிவரும் அலையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தி, நேர்ந்த பிழையைத் தானே திருத்திக்கொள்ளச் செய்வது இம்முறை. பிழை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும் அளவுக்கு வில்லியம்சன் அதனைக் கையாண்டார். பின்னூட்டம் மிக்க இத்தகைய பெருக்கியில் வால்வுக்கு வால்வு உள்ள வேற்றுமையும் சுருங்கிவிடும். பின்னூட்டமே இல்லாத எளிய பெருக்கியில் அவ்வேற்றுமை சற்றே புலப்படலாம்.

'வால்வின் ஒலி இனிது' என்று கூறுவோர் கூற்றிலும் பொருள் இல்லாமல் இல்லை. மூன்று மின்வாய் வால்வு ஒன்று தனியே நின்று தொழில் செய்யும்போது, அது சேர்க்கும் திரிபில் இரண்டாம் மேற்சுரமே மிகுந்திருக்கும். ஷட்ஜமம் 240 அதிர்வாயின் இரண்டாம் மேற்சுரம் 480. அது மேல் ஷட்ஜமம். மூன்றாவது 720, அது மேல் பஞ்சமம். தம்புராவின் நாதத்தில் நாம் நாள்தோறும் கேட்டுப் பழகிய சுரங்கள் அல்லவா இவை? ஆகவே அத்திரிபு சிறிதளவாயின் செவிக்குப் பகையாவதில்லை. ஆனால் பல கருவிகள் ஒருங்கே முழங்கும்போது, சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து, எந்தச் சுரத்தோடும் சேராத புதிய ஓசைகளும் பிறக்கும். அவை இசையைக் கலங்கச் செய்யும். ஆதலின் இனிமை வேறு, உண்மை வேறு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இரண்டில் எதை நாடுகிறோம் என்று தெளிந்த பின்னரே தேர்வில் இறங்குவது நன்று.

நான்காம் விதியே தலையாயது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். விலை கொடுத்து வாங்கிய வால்வின் ஒலி, வாங்கியவர் செவிக்குச் சிறந்ததாகவே தோன்றும். இது பொய் சொல்லுதலன்று, மனத்தின் இயல்பு. மேலும், இரண்டு ஒலிகளுள் ஒன்று மற்றதைவிடச் சிறிதளவு உரத்திருந்தால், உரத்ததே தெளிவானது என்று செவி தீர்ப்புக் கூறிவிடும்.

இதற்கு மாற்று உண்டு. ஒரே பாட்டை இரு வால்வுகளிலும் தனித்தனியே இயக்கி, வெளியீட்டைக் கணினியிற் பதிவு செய்யுங்கள். வால்வைக் குளிரவைத்து மாற்றுவதற்குள் செவியின் நினைவு மங்கிவிடும் ஆதலின் பதிவு தேவையாகிறது. பின்னர் இரு பதிவுகளின் அளவையும் சமமாக்குங்கள். நண்பர் ஒருவர் நீங்கள் காணாதவாறு நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் ஒன்றையும், தலை விழுந்தால் மற்றொன்றையும் ஒலிக்கச் செய்யட்டும். எந்த வால்வு என்று நீங்கள் எழுதிக்கொண்டே வாருங்கள். பத்து முறைகளில் ஐந்தாறு சரியாயின், அது கண்ணை மூடிக்கொண்டு சொன்னதற்கு ஒப்பாகும். பத்தும் சரியாக அமைதல், குருட்டாம்போக்கில் 1024-இல் ஒரு முறையே நிகழும். ஒன்பதோ பத்தோ சரியாதல் 1024-இல் 11 முறை. அத்தகைய முடிவு கிட்டினால், வேற்றுமை உண்மையானது என்று துணிந்து கூறலாம். எது இனிது என்று தேர்ந்துகொள்வது அதன் பின்னர் உங்கள் உரிமை.

ஓர் எச்சரிக்கை. வால்வுப் பெருக்கிக்குள் 250 முதல் 450 வோல்ட் வரை மின்னழுத்தம் உண்டு. மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். அது உயிரைக் குடிக்க வல்லது. ஆதலின் மாணவர் எவரும் தனியே அதன் மூடியைத் திறத்தல் ஆகாது. அறிந்தவர் ஒருவர் அருகிலிருந்து, தேங்கிய மின்சாரத்தை மின்தடை வழியே வடித்து, அளவியால் சரிபார்த்த பின்னரே கைவைக்க வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமற் பெருக்கியை இயக்குதலும் தவறு. வெளியீட்டு மின்மாற்றி கெட்டுவிடும்.

பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. அங்கே அந்நாளிற் செய்தவை இன்றும் அங்கங்கே கிடைக்கின்றன. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா முதலிய நாடுகளிற் புதியனவும் செய்யப்படுகின்றன. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் செய்த பழைய வால்வுகள் அரும்பொருள்போல் பெருவிலைக்கு விற்கின்றன. கண்ணாடியின் மேல் ஒரு பெயரை அழித்து வேறொரு பெயரை அச்சிடுவது அரிய செயலன்று என்பதையும் மறவாதீர்கள். எந்தப் பெயர் பொறித்திருந்தாலும், சுற்றுக்குப் பொருந்துவதும், சோதனையில் தேறியதும், கண்ணை மறைத்துக் கேட்டபோதும் உங்கள் செவிக்கு உவந்ததுமான வால்வே உங்களுக்குச் சிறந்த வால்வு. வாழ்க்கையில் நீங்கள் வாங்கப்போகும் பொருள்களும், ஏற்கப்போகும் கருத்துகளும் பல. அவற்றையும் இவ்வாறே தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, பெயரை மறைத்துப் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.