கூண்டு வண்டியும் கூதிர்க் கடலும்



இங்கிலாந்தில் அக்டோபர் மாத இறுதியில் பள்ளிகளுக்கு ஒரு வார விடுமுறை உண்டு. அவ்வாரத்தில் குடும்பத்தோடு கடற்கரையூர் ஒன்றிற்குச் சென்று, சக்கரம் பூட்டிய சிறு வீடாகிய கேரவனில் சில நாள் தங்கி வருதல் அந்நாட்டு மக்கள் பலரின் வழக்கம். தூறலும் குளிர்காற்றும் இருக்கும். ஆயினும் வண்டிக்குள் அடுப்பு மூட்டி அமர்ந்தால் தாங்கும் அளவினவே பெரும்பாலும். ஜிப்சி மக்களின் வாழ்விடமாக இருந்த இவ்வண்டியை இன்ப உலாவுக்கு உரியதாக்கியவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர். சிறுவர்க்குக் கதைகள் பல எழுதிய அவர், 1885இல் ‘வாண்டரர்’ என்னும் குதிரை வண்டியைச் செய்வித்து ஊர் ஊராகச் சென்றார்.

தமிழகத்தில் கேரவன் என்றால் திரைப்பட நடிகர் ஓய்வெடுக்கும் வண்டியே பலர்க்கும் நினைவுக்கு வரும். எனினும், வீட்டையே வண்டியில் ஏற்றிச் செல்லும் வாழ்வு தமிழுக்குப் புதிதன்று. நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணரின் வண்டி அத்தகையது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் வண்டியில் கோழி உறங்கக் கூடு உண்டு. காடி வைத்த கலம் தொங்குகின்றது. கைக்குழந்தையோடு மனைவி எருதை ஓட்டுகின்றாள். சிறுபாணாற்றுப்படையில் உமணர் பிள்ளைகளோடு மந்தி ஒன்று விளையாடுகின்றது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் குறிப்பிடும் ‘சேம அச்சு’, வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக வண்டியின் அடியில் கட்டிய மிகை அச்சு. இன்றைய ஓட்டுநர் ‘ஸ்டெப்னி’ என்பதன் மூதாதை அது.

இவ்வண்டிகள் எப்பருவத்தில் சென்றன என்பதே ஈண்டு எண்ணத்தக்கது. உப்பு வெயிலில் விளைவது, மழையில் கரைவது. கடலூருக்கு வடக்கே மரக்காணத்து அளங்களில் இன்றும் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். உமணரைப் புலவர்கள் பெரிதும் வெம்மை மிக்க சுரத்து வழிகளில் காட்டுவதும் இதனோடு பொருந்துகின்றது. ஐப்பசியும் கார்த்திகையும் ஆகிய கூதிர்ப் பருவமோ வேறு. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் கோவலர், பெருமழையை வெறுத்து ஆநிரையோடு வேற்றிடம் சென்று, தீக்காய்ந்த கையால் கன்னத்தை ஒற்றி நடுங்குகின்றனர்.

ஆங்கிலேயரின் ‘ஆட்டம்’ பருவத்தைப் பாடநூல்கள் ‘இலையுதிர்காலம்’ என்று பெயர்த்துவிடுகின்றன. சொல் அழகியதுதான். ஆனால் அது சுட்டும் மாதங்களில் கடலூர்க் கரையில் உதிர்வது இலையன்று, வானம். பருவத்தின் பெயர் பிழைபட்டால் பயணத்தின் நாளும் பிழைபடும்.

ஆங்கிலேயரே இதனை அறிந்திருந்தனர். 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கி, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே. கப்பலைக் காக்கும் துறைமுகம் இக்கரையில் அன்று இல்லை. திறந்த கடலில்தான் நங்கூரம் இடவேண்டும். ஆதலால் அக்டோபரில் அவர்தம் போர்க்கப்பல்கள் இக்கரையை விட்டுப் பம்பாய்க்கோ திரிகோணமலைக்கோ அகன்றுவிடுவது வழக்கமாயிற்று. 1746 அக்டோபரில் சென்னைக் கரையில் நின்ற பிரெஞ்சுக் கப்பற்படையைப் புயல் சிதைத்தமை வரலாறு.

அண்மைக் காலத்துக்கு வருவோமாயின், ‘தானே’ புயல் 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. 2024 நவம்பர் 30இல் ‘ஃபெஞ்சல்’ வந்தது. அடுத்துச் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகிக் கரையோர ஊர்களுள் புகுந்தது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்குத் திட்டம் வகுத்தது. தமிழகக் கரையிலும் அவ்வண்டிகள் பெருகலாம், பெருகட்டும். தேவனாம்பட்டினத்து மணலிலோ பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டருகிலோ அவற்றைக் கொண்டு நிறுத்துவோர் ஆங்கில நாட்காட்டியின் விடுமுறையைப் பார்த்து ஐப்பசியில் வருவாராயின், அவர்தம் பிள்ளைகளும் அவ்வண்டிக்குள் இருப்பர்.

கடற்கரையில் சின்னாள் தங்கி வரும் இன்பத்தைத் தமிழர் துறக்கவில்லை, மாசிக்கு வைத்துக்கொண்டனர். திருமுட்டத்துப் பூவராகப் பெருமாள் மாசி மகத்தன்று கடலாடுவதற்காகச் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்கு எழுந்தருள்வது ஏறத்தாழ 50 கிலோமீட்டர்ப் பயணம். வழியில் தைக்கால் என்னும் ஊரில் இசுலாமியப் பெருமக்கள் பெருமாளை எதிர்கொண்டு மரியாதை செய்கின்றனர். மாசியில் சம்பா அறுவடை முடிந்திருக்கும். எருதுக்கு ஓய்வுண்டு, வைக்கோல் உண்டு; சேறு காய்ந்து வண்டிப்பாதை இறுகியிருக்கும்; கடலும் அடங்கியிருக்கும். கூண்டு வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே சமக்காளம் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையோடு பாட்டியும் பேரர்களும் ஏறிக்கொள்வர். மாடு அவிழ்த்த இடத்தில் இரவு; மறுநாள் விடியலில் கடல். நெய்தலாடிய கையோடு திரும்பும்போது வண்டியின் அடியில் கருவாட்டுப் பொட்டலமும் தொங்கும்.