இலை உதிர்ந்தால் கூலியும் உதிரலாமா?

(ஜொகூர்த் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பால்மரம் ஆண்டுக்கொரு முறை இலை உதிர்க்கும்; மீண்டும் துளிர்க்கும். இது நம் பாட்டன் காலந்தொட்டு நாம் கண்ட இயற்கை. ஆனால் பருவம் தப்பி, முற்றிய இலையில் வட்ட வட்டமாய்ப் புள்ளி விழுந்து, மஞ்சளாகி, நிரை நிரையாய்க் கொட்டினால் அது இயற்கையன்று, நோய். பெஸ்டலோட்டியோப்சிஸ் என்னும் பூசணத்தை இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். இந்நோய் 2016-இல் வட சுமத்திராவிலும், 2017-இல் நம் மலேசியாவிலும், 2019-இல் தென் தாய்லாந்திலும் இலங்கையிலும் காணப்பட்டது.

இலைதான் மரத்தின் அடுப்படி. அடுப்பு அணைந்தால் பால் எங்கிருந்து வரும்? காண்டாவாளி இறங்கும்போது எடை குறையும். எடை குறைந்தால் நம் வீட்டு அடுப்பும் அணையும்.

இலங்கையைப் பாருங்கள். அங்கே காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் தமிழ் மக்கள். 1869-இல் இலைத்துரு என்னும் பூசணம் அங்கே கண்டறியப்பட்டது. சில பத்தாண்டுகளில் காப்பி அழிந்தது. துரைமார் தேயிலைக்கு மாறினர். சிலர் மலாயாவுக்கு வந்து புதுத் தோட்டம் போட்டனர். வேலையிழந்த தொழிலாளியோ மூட்டையைக் கட்டினான்.

தென் அமெரிக்காவில் ஹென்றி போர்டு என்னும் பெருமுதலாளி 1928-இல் தொடங்கிய ரப்பர்த் தோட்டத்தையும் இலைக்கருகல் நோய் சீரழித்தது. 1945-இல் அவர் நிறுவனம் அதைக் கைவிட்டது. பணம் படைத்தவனையே அந்தப் பூசணம் வென்றது. அது இன்னும் ஆசியாவுக்கு வரவில்லை. வரவிடாமல் காப்பது அரசின் கடமை.

தோழர்களே! பூசணத்துக்கு வேண்டியது ஈரமும் இதமான வெப்பமும். உலகம் சூடேற, மழையின் போக்கும் மாறுகிறது. 1960 முதல் பயிர்களைத் தாக்கும் பூச்சிகளும் நோய்களும் ஆண்டுக்குச் சராசரியாக 2.7 கிலோமீட்டர் வீதம் துருவங்களை நோக்கி நகர்ந்து வருவதாக 2013-இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. காற்றில் பறக்கும் பூசண வித்துக்கு எல்லை ஏது? பாஸ்போர்ட் ஏது?

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? வெட்டுக்குப் போகிறவர்கள், புள்ளி விழுந்த இலையைக் கண்ட அன்றே நிரையைக் குறித்து அறிவியுங்கள். செக்ரோல் எழுதும் கிராணிமாராகிய நாங்கள், நோய் கண்ட நாளையும் பால் குறைந்த அளவையும் தவறாமல் பதிவோம். நாளை ஒப்பந்தப் பேச்சில் அந்தப் பதிவே நம் சாட்சி. மருந்து தெளிக்கச் சொன்னால் முகமூடியும் கையுறையும் கேளுங்கள்.

மரத்தின் நோய்க்கு வெட்டுகிறவனைக் குற்றம் சொல்லக் கூடாது. அவன் கூலியில் கை வைக்கவும் கூடாது. இதுவே நம் கோரிக்கை. முதலாளி ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவார். லயத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பத்தை யார் நடுவார்? நாமேதான், ஒன்றுபட்டு நின்றால்!

ஒற்றுமை ஓங்குக!